கொட்டேஷன் தாளில் வெறும் ‘ஐ7’ போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

கேமிங், வீடியோ எடிட்டிங் இரண்டுக்கும் சேர்த்து ஒரு கம்ப்யூட்டர் போட்டுக் கொடுங்கள் என்று வருகிறவர்கள் கையில் பெரும்பாலும் வேறொரு கடையின் கொட்டேஷன் தாள் இருக்கும். ‘ஐ7 பிராசசர், 16 ஜிபி ராம், கிராபிக்ஸ் கார்டு 4 ஜிபி, எஸ்எஸ்டி 1 டிபி, 600 வாட் எஸ்எம்பிஎஸ், ஆர்ஜிபி கேபினெட்’ என்று ஆறு வரி (எஸ்எம்பிஎஸ் என்பது கம்ப்யூட்டருக்கு மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் பெட்டி), அடியில் மொத்தமாக ஒரு தொகை. இதை வைத்துக்கொண்டு விலை கூடுதலா குறைவா என்று யாராலும் சொல்ல முடியாது. 2012-இல் வந்த ஐ7-3770-உம் ஐ7தான், 2023-இல் வந்த ஐ7-14700கே-உம் ஐ7தான். முன்னதில் 4 கோர் (கணக்குப் போடும் தனித்தனி மையம்), பின்னதில் 20. முன்னது விண்டோஸ் 11-க்குத் தகுதிப் பட்டியலிலேயே இல்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. ‘4 ஜிபி கிராபிக்ஸ்’ என்பது 2014-இல் வந்த ஜிடி 730 கார்டாகவும் இருக்கலாம். இன்றைய கேமராக்கள் பதிவு செய்யும் எச்.265 வீடியோவைப் பிரித்துப் படிக்கும் பகுதியே அந்தச் சில்லில் கிடையாது. விளக்குப் போட்ட கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தால் எல்லாம் புதுசாகத்தான் தெரியும்.

கல்யாண வீடியோ எடுப்பவர்கள், பனியன் கம்பெனிகளுக்கு ரீல்ஸ் செய்து கொடுப்பவர்கள், கல்லூரிப் பசங்க என்று பலருக்கும் பகலில் எடிட்டிங், ராத்திரியில் கேம். ஆனால் இரண்டு வேலையும் ஒரே பாகத்தைப் பிழிவதில்லை. ஏஎம்டியின் ரைசன் 7 7800எக்ஸ்3டி, 9800எக்ஸ்3டி பிராசசர்கள் இரண்டும் கேமில் முந்துவது அவற்றின் கூடுதல் கேஷ் மெமரியால், அதாவது சில்லுக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகத்தால். கோர் எண்ணிக்கை இரண்டிலும் 8தான். மணிக்கணக்கில் ரெண்டர் (எடிட் செய்ததை முழு வீடியோவாக ஆக்குவது) ஓடும் வேலையில் 12 கோர் உள்ள ரைசன் 9 9900எக்ஸோ, 20 கோர் உள்ள இன்டெல் கோர் அல்ட்ரா 7 265கே-வோ முன்னே போகும். சோறு போடுவது எடிட்டிங் என்றால் பின்னதையே எடுங்கள். 1440பி திரையில் கேம் ஆடும்போது பாரம் பெரும்பாலும் கார்டின் மேல்தான் விழுகிறது, இழப்பு சொற்பம்.

இன்டெல் பக்கம் போனால் மாடல் எண்ணின் வாலைப் பாருங்கள். ‘எஃப்’ என்று முடிந்தால் (265கேஎஃப், 14700எஃப் மாதிரி) உள்ளிணைந்த கிராபிக்ஸ் இல்லை. கேம் ஆடுகிறவருக்கு அது நட்டமில்லை, கொஞ்சம் விலை மிச்சம். எடிட்டருக்கு அதோடு, வீடியோவை வன்பொருளிலேயே பிரிக்கும் குயிக் சிங்க் வசதியும் போய்விடுகிறது. புதுக் கேமராக்கள் பல 10 பிட் 4:2:2 என்ற, நிற விவரம் கூடுதலாக உள்ள முறையில் பதிகின்றன. ஆர்டிஎக்ஸ் 40 வரிசை வரை என்விடியா கார்டுகளுக்கு இந்த வகைக் கோப்பை வன்பொருளில் பிரிக்கத் தெரியாது. எச்.265 4:2:2 கோப்பை இன்டெல்லின் 11ஆம் தலைமுறை முதலான உள்ளிணைந்த கிராபிக்ஸ் பிரிக்கும். எச்.264 4:2:2 என்றால் அதுவும் பெரும்பாலும் கைவிரிக்கும். 2025-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசைதான் இரண்டையும் பிரிக்கிறது, எடிட்டிங் மென்பொருளும் புதிய பதிப்பாக இருந்தால். டைம்லைனில் கோப்பைப் போட்டதும் திக்கித் திக்கி ஓடுகிறதென்று ராம் வாங்கிப் போடுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். பழைய கார்டையே வைத்துக்கொள்வதென்றால் பிராக்சி (எடிட்டிங்குக்கு மட்டும் பயன்படும் சிறிய நகல் கோப்பு) உருவாக்கி வேலை செய்யலாம், செலவும் இல்லை.

ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ என்ற ஒரே பெயரில் 8 ஜிபி கார்டும் உண்டு, 16 ஜிபி கார்டும் உண்டு. டாவின்சி ரிசால்வில் 4கே கோப்புக்கு நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டால் 8 ஜிபி நிரம்பி, ஜிபியு மெமரி போதவில்லை என்ற எச்சரிக்கையோடு ரெண்டர் பாதியில் நிற்கக்கூடும். ஆகவே 16 ஜிபி. கொட்டேஷனில் எண்ணை எழுதி வாங்குங்கள்.

சேமிப்பு விஷயத்தில் கணக்குப் போடாமல் 1 டிபி வாங்குகிறார்கள். வினாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதியும் 4கே வீடியோ மணிக்கு 45 ஜிபி. நம் பக்கத்துக் கல்யாணம் தாலி கட்டுவதோடு முடிகிற சமாச்சாரமா? இணைச்சீர் அது இது என்று முதல் நாள் சாயங்காலமே கேமரா ஓட ஆரம்பித்துவிடும். மூன்று கேமரா, ஆறு மணி நேரம் என்று வையுங்கள், 810 ஜிபி. ஒரே ஒரு கல்யாணம். விண்டோஸுக்கும் கேமுக்கும் ஒரு எஸ்எஸ்டி, நடக்கிற வேலைக்கு 2 டிபியில் தனி எஸ்எஸ்டி, முடிந்த வேலையைத் தூக்கிப் போட ஹார்டு டிஸ்க் என மூன்றாகப் பிரிப்பது நல்லது. வேலை எஸ்எஸ்டி டிஎல்சி வகையாக இருக்கட்டும். மலிவான கியூஎல்சி வகை முதல் கொஞ்சம் ஜிபி வரை பறக்கும். அதன் கேஷ் நிரம்பியதும் பழைய ஹார்டு டிஸ்க் வேகத்துக்கு இறங்கிவிடும், கேமராவின் மெமரி கார்டிலிருந்து 300 ஜிபி இறக்கும்போதுதான் அது தெரியும்.

ராம் 32 ஜிபிக்குக் குறையக் கூடாது. ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் ஓட்டுபவருக்கு 64. எதுவானாலும் இரண்டு குச்சியாக வாங்கி, பிராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் போடுங்கள். இப்போது இரண்டு, பிறகு இரண்டு என்ற திட்டம் டிடிஆர்5 என்ற இன்றைய ராம் வகையில் சரிப்படாது. ரைசன் 7000 வரிசைக்கு ஏஎம்டி சொல்லும் வேகமே இரண்டு குச்சிக்கு 5200, நான்கு போட்டால் 3600. 2025 கடைசியிலிருந்து ராம் விலை தாறுமாறாக ஏறியிருப்பதால் கை கடிக்கும்தான். அப்படியென்றால் இப்போதைக்கு இரண்டு 16 போட்டு ஓட்டிவிட்டு, பிற்பாடு அவற்றை விற்று இரண்டு 32 வாங்குவதே முறை. பயாஸில் (போர்டின் அடிப்படை செட்டிங்) எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற ராம் வேக அமைப்பைப் போட மறந்தால் 6000 என்று வாங்கிய ராம் 4800-இல்தான் ஓடும். எத்தனையோ பெட்டிகள் இன்னும் அப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன.

இந்தக் கடிதம் எழுதக் காரணமே இனி சொல்லப்போவதுதான். பிராசசரையும் கார்டையும் பேரம் பேசி வாங்கிவிட்டு எல்லோரும் கை வைப்பது எஸ்எம்பிஎஸ் விலையில். ரெண்டர் ஓடும்போது 265கே 250 வாட் வரை இழுக்கும், 5060 டிஐ 180, போர்டு, ராம், டிஸ்க், ஃபேன் எல்லாம் சேர்த்து ஒரு 60. ஆக 490. கார்டு சில கணங்களுக்கு அதன் அளவைத் தாண்டியும் துள்ளும். நல்ல கம்பெனியின் 750 வாட் போட்டால் நிம்மதி. ‘80 பிளஸ் கோல்டு’ முத்திரை மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்பதைத்தான் சொல்லும், உள்ளிருக்கும் கெப்பாசிட்டரின் தரத்தைச் சொல்லாது. பக்கவாட்டு ஸ்டிக்கரில் 100-240 வோல்ட் என்று இருக்கிறதா, 200-240 என்று இருக்கிறதா என்று பாருங்கள். தோட்டத்து வீடுகளிலும் தறிக்குடோன் பக்கத்திலும் போர் மோட்டார் கிளம்பும் நொடியில் வோல்ட் சட்டென்று இறங்கும். முதல் வகை அதைத் தாங்கிக்கொள்ளும். இரண்டாவது வகை ரீஸ்டார்ட் ஆகும். ‘ஏனுங்க, விண்டோஸ்ல ஏதோ வைரஸுங்க’ என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

யுபிஎஸ் வாங்கும்போது விஏ (பெட்டியில் எழுதியிருக்கும் அளவு) வேறு, வாட் (உண்மையில் கொடுக்கும் மின்சக்தி) வேறு. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 600 விஏ யுபிஎஸ் கொடுப்பது 360 வாட். மேலே போட்ட 490-உடன் மானிட்டருக்கு 40 சேர்த்தால் 530. கரண்ட் போன அதே நொடியில் யுபிஎஸ்ஸும் ‘கீ’ என்று கத்தி அணையும், சும்மா இருக்கும்போது சோதித்துப் பார்த்தவருக்கு இது தெரியாது. 1500 விஏ அளவில், சுத்தமான சைன் அலை தருவதாகப் பாருங்கள். சதுர அலை யுபிஎஸ்ஸில் ஆக்டிவ் பிஎஃப்சி (மின்சாரத்தைச் சீராக இழுக்க வைக்கும் சுற்று) உள்ள எஸ்எம்பிஎஸ் சில சமயம் மாறும் நேரத்தில் அணைந்துவிடும். வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுவதானால் அதிலுள்ள சிறு சுவிட்சை யுபிஎஸ் நிலையில் வையுங்கள். மற்ற நிலையில் அது மாறுவதற்குள் கம்ப்யூட்டர் அணைந்துவிடும்.

எர்த் இருக்கிறதா என்று பார்க்க எலக்ட்ரீஷியனை அழைத்து மல்டிமீட்டரில் இரண்டே அளவு எடுக்கச் சொல்லுங்கள். பேஸுக்கும் எர்த்துக்கும் இடையில் ஏறக்குறைய 230 வோல்ட், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையில் இரண்டு மூன்று வோல்ட்டுக்குள். புறங்கையால் கேபினெட்டைத் தடவினால் எறும்பு ஊர்கிற மாதிரி ‘கிர்ர்’ என்கிறதா? எர்த் இல்லை என்று அர்த்தம். எஸ்எம்பிஎஸ்ஸின் வாசலில் இருக்கும் வடிகட்டிக் கெப்பாசிட்டர்கள் எர்த் வழியாகக் கசிவைக் கடத்த வேண்டியவை. வழி இல்லாதபோது கேபினெட் தகரமே 115 வோல்ட் வாக்கில் மிதக்கும். அந்த நிலையில் மானிட்டர் கேபிளைச் செருகும்போது கார்டின் எச்டிஎம்ஐ வாய் போய்விடக் கூடும். மூன்று முனைப் பிளக்கை இரண்டு முனை அடாப்டரில் செருகுகிற வழக்கம் இன்னும் நின்றபாடில்லை.

தூசிக்கு வருவோம். சோமனூர், பல்லடம், திருப்பூரில் பறக்கும் பஞ்சு மண் தூசி மாதிரி உதிராது. ஹீட்சிங்க் இடுக்கில் போர்வையாகப் படியும். பொள்ளாச்சிப் பக்கம் தென்னை நார்த் தூள், நாமக்கல் பக்கம் கோழித் தீவனப் புழுதி. முன்பக்கம் முழுக் கண்ணாடி வைத்த கேபினெட் இங்கே ஆகாது. வலை முகப்பும், கழற்றிக் கழுவக்கூடிய ஃபில்டரும், உள்ளே இழுக்க மூன்று ஃபேன், வெளியே தள்ள ஒன்றும் இருந்தால் இடுக்கு வழியாகப் பஞ்சு நுழைவது குறையும். கரூர், ஈரோட்டுச் சித்திரை வெயிலில் அறையே 38 டிகிரி இருக்கும்போது பிராசசர் 90-ஐத் தொடுவது பழுதல்ல. இரட்டை ஃபேன் டவர் கூலர் போதும், தண்ணீர் கூலர் கட்டாயமில்லை. மாதம் ஒருமுறை புளோயரால் ஊதுங்கள். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். பஞ்சர் கடைக் கம்ப்ரசர் வேண்டவே வேண்டாம், அந்தக் காற்றில் தண்ணீரும் எண்ணெயும் கலந்திருக்கும்.

தானே பொருத்துகிறவர்களுக்கு இரண்டு மூன்று எச்சரிக்கை. பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் கழற்றும் கேபிள்களைப் புதியதில் செருகாதீர்கள். முனை பொருந்தும், ஆனால் கம்பெனிக்குக் கம்பெனி பின் வரிசை வேறு, 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 போய் டிஸ்க் எரியும். 16 பின் இணைப்புள்ள கார்டானால் ‘க்ளிக்’ என்ற பிறகும் இடைவெளி தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். முழுதாக இறங்காத முனைதான் சூடேறி உருகுகிறது. முனையை ஒட்டி முதல் மூன்று நான்கு சென்டிமீட்டருக்குள் கேபிளை மடக்கக் கூடாது. டிடிஆர்5 போர்டு முதல்முறை கிளம்பும்போது ராமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடம் எடுக்கும், திரை கறுப்பாகவே இருக்கும். பதறிப்போய் சுவிட்சை அணைத்தால் திரும்பவும் முதலிலிருந்து. மானிட்டர் கேபிளைப் போர்டில் அல்ல, கார்டில் செருகுங்கள். 144 ஹெர்ட்ஸ் மானிட்டரும் விண்டோஸ் செட்டிங்கில் மாற்றும் வரை 60-இலேயே ஓடக்கூடும்.

ஐ7-14700கே போன்ற இன்டெல் 13, 14ஆம் தலைமுறை பிராசசரைக் கைமாற்றாக வாங்குபவர்கள் கூடுதலாக ஒன்றைக் கேட்க வேண்டும். மிகை வோல்ட்டேஜால் அவை கெட்டுப்போன பிரச்சினைக்கு 2024 ஆகஸ்டிலிருந்து பயாஸ் அப்டேட் வந்தது, இன்டெல்லும் வாரண்டியை இரண்டு ஆண்டு நீட்டியது. ஆனால் ஏற்கெனவே அடிபட்ட சில்லை அப்டேட் சரிசெய்யாது. பில் இல்லாத சில்லைத் தொடாதீர்கள்.

கடைக்காரர்களிடம் நாங்கள் கேட்பதும் பெரிதல்ல. ஒவ்வொரு பாகத்துக்கும் கம்பெனிப் பெயர், முழு மாடல் எண், தனி விலை, வாரண்டி ஆண்டு. பிராசசர் பெட்டியோடு வருவதா, பெட்டியில்லாமல் வரும் ட்ரேயா என்ற விவரம், ஏனென்றால் ட்ரே சில்லுக்குக் கம்பெனி நேரடி வாரண்டி தராது. பில்லில் ஒவ்வொன்றின் சீரியல் எண். ஜிஎஸ்டி பதிவுள்ள ஸ்டுடியோக்காரர் தன் எண்ணைப் பில்லில் ஏற்றச் சொன்னால், கட்டும் 18 விழுக்காடு வரியை உள்ளீட்டு வரவாக எடுத்துக்கொள்ளலாம். ‘பில் இல்லாம எடுத்துக்கறீங்களா’ என்ற தள்ளுபடி அவருக்கு லாபமே இல்லை. பணம் கட்டும் முன் உங்கள் கேமராவில் எடுத்த பத்து நிமிடக் கோப்பைக் கொண்டுபோய்க் கடையிலேயே ரெண்டர் போட்டுப் பாருங்கள்.

கல்லூரி திறக்கும் சமயத்திலும் தீபாவளிக்கும் உங்கள் பத்திரிகையில் ‘ஐ7 கேமிங் பிசி’ என்று வரும் விளம்பரங்களில், விலைக்குப் பக்கத்தில் பிராசசர், கார்டு இரண்டின் மாடல் எண்ணையாவது அச்சிட வேண்டும் என்று விளம்பரப் பிரிவு கேட்கலாமே.

இப்படிக்கு,
கம்ப்யூட்டர் அசெம்பிளி தொழிலில் உள்ள சிலர்,
காந்திபுரம், கோவை.