டோனின் பெயர் அதேதான், சத்தம்தான் வேறு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில், எந்த மென்பொருளானாலும் புதிய பதிப்பு வந்ததும் யோசிக்காமல் மாறிவிடுங்கள் என்று ஒரு கட்டுரை வந்திருந்தது. வங்கிச் செயலிக்கும் வாட்ஸ்அப்புக்கும் அது சரிதான். ஆனால் மேடையில் கீபோர்டு வாசிக்கிறவன் அந்த அறிவுரையை அப்படியே எடுத்துக்கொண்டால் பாட்டின் நடுவில் திண்டாட வேண்டியிருக்கும்.

நான் களியக்காவிளைப் பக்கத்துக்காரன். ஞாயிறு காலை சபையில் பாடகர் குழுவுக்கு வாசிப்பேன். கோயில் கொடை, திருவிழா சீசனில் எல்லை தாண்டி பாறசாலை, நெய்யாற்றின்கரை வரை கானமேளா என்கிற மேடைப் பாட்டுக் கச்சேரிக்குப் போவதும் உண்டு. காலையில் தமிழ்க் கீர்த்தனை, ராத்திரி மலையாள சினிமாப் பாட்டு. முன்பெல்லாம் வேனில் இரண்டு கீபோர்டு, அதற்கு ஸ்டாண்டு, பெடல் என்று ஒரு சுமை போகும். இப்போது ஒரு மிடி கீபோர்டு (எந்தக் கட்டையை அழுத்தினோம் என்ற தகவலைக் கணினிக்கு அனுப்புவது), ஒரு லேப்டாப். சத்தம் முழுவதும் லேப்டாப்பில் ஓடும் மென்பொருள் சிந்தசைசரிலிருந்து வருகிறது.

தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். சிந்தசைசரில் நாங்கள் டோன் என்று சொல்வது உண்மையில் ஒரு எண் பட்டியல்தான். எந்த அலை, ஃபில்டர் எவ்வளவு திறந்திருக்கிறது, சத்தம் எழ எத்தனை நேரம், அடங்க எத்தனை நேரம், ரிவெர்ப் என்கிற எதிரொலி எவ்வளவு, மாட் வீல் என்ற பக்கச் சக்கரத்தைத் தள்ளினால் எது அசைய வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். அப்படி நூற்றுக்கணக்கில் அடுக்கித் தருவதுதான் பிரீசெட் லைப்ரரி. பட்டியலிலுள்ள எண் ஒன்று மாறினாலும் டோன் மாறும். எண்கள் மாறாமல் அவற்றைச் சத்தமாக்கும் எஞ்சின் மாறினாலும் மாறும்.

பல வருடமாக நான் வாசித்து வந்த ஒரு லைப்ரரிக்குப் பெரிய பதிப்பு வந்தது. காசு கொடுத்து வாங்கியதுதான், பெயர் இங்கே வேண்டாம். இன்ஸ்டால் செய்ததும், பழைய டோன்கள் இருந்த இடத்திலேயே, அதே பெயர்களில் புதியவை வந்து உட்கார்ந்துகொண்டன. கேட்பதற்கு எல்லாம் பளபளவென்று இருந்தன. ஹெட்போனில் கேட்டால் மயங்கிப்போவீர்கள்.

அடுத்து போன கானமேளாவில் ஒரு பாட்டின் இன்டர்லூடு, புல்லாங்குழல் மாதிரியான ஒரு லீட் டோன். கமகத்துக்கு, சுரத்தை மேலும் கீழும் வளைக்கும் பிட்ச் பெண்ட் வீலை வழக்கம்போல் பாதி தள்ளினேன். பழைய பதிப்பில் அந்த டோனுக்கு வீலின் எல்லை மேலே இரண்டு அரைச்சுரம், கீழே இரண்டு. மிடி கருவிகளில் பொதுவாக இருக்கும் அளவும் அதுதான். பாதி தள்ளினால் ஒரு அரைச்சுரம் ஏறும், கை அதற்குப் பழகியிருக்கிறது. புதிய பதிப்பில் யாரோ அந்த எல்லையைப் பன்னிரண்டாக்கி வைத்திருக்கிறார்கள். பாதி தள்ளியதும் ஆறு அரைச்சுரம் தாவி, ச-வில் தொடங்கியது பிரதி மத்யமத்தில் போய் நின்றது. பாடகர் திரும்பிப் பார்த்தார். தபேலாக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு வாசித்தார். முன்வரிசையில் இருந்தவர்கள் அதைப் புதுவித வாசிப்பு என்று நினைத்திருந்தால் எனக்குச் சந்தோஷம்.

அதற்குப் பிறகுதான் பழைய பதிப்பை இன்னொரு லேப்டாப்பில் ஏற்றி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்க ஆரம்பித்தேன்.

பழையதையும் புதியதையும் ஒப்பிடுவதில் முதல் ஏமாற்று சத்த அளவுதான். ஒரே சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தால் அதைத்தான் "நல்லாயிருக்கு" என்று காது சொல்லும். என் லைப்ரரியின் புதிய பதிப்பில் பெரும்பாலான டோன்கள் பழையதைவிடச் சுமார் 3 டெசிபல் உரக்க இருந்தன. அதைச் சமமாக்கிவிட்டுக் கேட்டதும் பாதிப் பளபளப்பு காணாமல் போனது. யூடியூபில் பழையது, புதியது என்று மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டுகிறவர்களில் எத்தனை பேர் இதைச் செய்கிறார்களோ தெரியாது.

இன்னொரு சோதனை உண்டு. ஒரே மிடி ஃபைலை இரண்டு பதிப்பிலும் ஓட்டி இரண்டு ஆடியோ எடுப்பது, அப்புறம் ஒன்றின் அலையைத் தலைகீழாக்கி மற்றதோடு சேர்ப்பது. இரண்டும் அச்சு அசல் ஒன்றென்றால் ஒன்றையொன்று அடித்துவிட்டு நிசப்தம் மிஞ்சும். ரெக்கார்டிங்காரர்கள் இதைப் பெரிய பிரம்மாஸ்திரமாகச் சொல்வார்கள், ஆனால் சிந்தசைசரில் கவனமாக இருக்க வேண்டும். பல டோன்களில் அலை எந்த இடத்திலிருந்து தொடங்கும் என்பது ஒவ்வொரு முறையும் மாறும். ஒரு சத்தத்தைப் பல சேர்ந்ததுபோல் காட்டும் கோரஸ் எஃபெக்ட்டும் அது பாட்டுக்குச் சுழன்றுகொண்டிருக்கும். ஒரே பதிப்பில் ஒரே சுரத்தை இரண்டு முறை எடுத்தாலே நிசப்தம் வராது. ஆகவே முதலில் பழையதைப் பழையதோடு ஒப்பிட்டு, அதிலேயே எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்த்துவிட வேண்டும். கோரஸையும் ரிவெர்பையும் அணைத்து, அலையை ஒவ்வொரு சுரத்துக்கும் புதிதாகத் தொடங்க வைத்த பிறகு வருகிற வித்தியாசத்தைத்தான் நம்பலாம்.

அப்படிப் பார்த்ததில் என்னை மிகவும் உறுத்தியது ஒரு ஸ்ட்ரிங்ஸ் பேட், அதாவது வயலின் கூட்டம் மாதிரி நீண்டு ஒலிக்கும் டோன். சபையில் கீர்த்தனை தொடங்குமுன் அந்த டோனில் ஒரு கார்டு பிடிப்பேன். பழைய பதிப்பில் விரலை வைத்த பிறகு சத்தம் மெதுவாக எழும். முழுதாக எழுகிற நேரமும், பாடகர் குழு மூச்சு எடுத்துப் பல்லவிக்குள் வருகிற நேரமும் ஒன்றாக இருக்கும். அவர்களுக்கு நான் தலையாட்டிக் காட்டத் தேவையில்லை. புதிய பதிப்பில் விரல் பட்டதும் சத்தம் வந்து நிற்கிறது. மேலே ஒரு மினுமினுப்பு, சுற்றிலும் பெரிய ரிவெர்ப். எங்கள் ஆலயக் கட்டிடமே போதுமான எதிரொலி தருகிறது, அதன்மேல் இந்த ரிவெர்பும் சேர்ந்தால் ஆல்ட்டோ குரல் எங்கே போயிற்றென்று தேட வேண்டும். கானமேளா மைதானத்தில் அடுக்கி வைத்த பாக்ஸ்களில் இதே டோனைப் போட்டதற்கு மைக்செட்காரர், "அண்ணே, அந்தக் குழகுழப்பைக் கொஞ்சம் குறையுங்க" என்றார்.

ஏன் இப்படி மாற்றுகிறார்கள் என்பதற்கு என்னிடம் ஒரு ஊகம்தான் இருக்கிறது. வாங்க வருகிறவர் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஒரு டோனுக்குப் பத்து விநாடி கொடுப்பார். அந்தப் பத்து விநாடியில் ஜெயிப்பது உரத்த, அகலமான, ரிவெர்ப் நிறைந்த டோன்தான். மெதுவாக எழும் பேட் அந்தப் பரீட்சையில் தேறாது. பாட்டுக்குள் மற்றவர்களுக்கு இடம் விட்டு ஒதுங்கி நிற்பது எது என்பது வாங்கிய பிறகுதான் தெரியும்.

புதியதெல்லாம் மோசம் என்று நான் சொல்லவில்லை. புதிய பியானோ பழையதைவிட எவ்வளவோ மேல். பழையதில் நீண்ட சுரம் பிடித்தால் ஒரே துண்டு திரும்பத் திரும்ப ஓடுவது காதில் விழும், புதியதில் அது இல்லை. டோன் தேடுவதும் எளிதாகிவிட்டது. ஸ்டுடியோவில் புதுப் பாட்டு என்றால் புதியதைத்தான் திறக்கிறேன். என் குறை ஒன்றுதான்: புதியதைப் புதுப் பெயரில் வையுங்கள், பழையதைப் பழைய பெயரில் விட்டுவிடுங்கள்.

இது நடக்காத காரியமும் இல்லை. சர்ஜ் என்று ஒரு சிந்தசைசர் இருக்கிறது. முதலில் விலைக்கு விற்கப்பட்டது, 2018இல் அதை எழுதியவர் மூலநிரலை எல்லோருக்கும் திறந்துவிட்டார். அதன்பிறகு தன்னார்வலர்கள் கூடி வளர்த்து, 2022இல் சர்ஜ் எக்ஸ்.டி. என்ற பெரிய பதிப்பை வெளியிட்டார்கள். எட்டாக இருந்த எஃபெக்ட் இடங்கள் பதினாறாகிவிட்டன. ஆனாலும் அதைத் தனிப் பிளக்இன்னாகத்தான் (இசை மென்பொருளுக்குள் ஏறி ஓடும் நிரல்) வைத்தார்கள், பழைய சர்ஜ் பக்கத்திலேயே இருக்கலாம். பழையதில் செய்த பாட்டு பழையதையே தேடித் திறக்கும். இதைவிட எனக்குப் பிடித்தது, ஒவ்வொரு டோன் ஃபைலுக்குள்ளும் அது எந்தத் திருத்த நிலையில் சேமிக்கப்பட்டது என்று ஒரு எண் இருப்பது. பழைய எண்ணைக் கண்டால் நிரல், பின்னால் வந்த மாற்றங்களை அந்த டோனுக்குப் பழையபடியே நடக்கும்படி அமைத்துக்கொள்ளும். பழைய பதிப்பில் ஒரு பிழை இருந்தால்கூட, அந்தப் பிழையோடு சேர்த்துத்தானே ஒருவர் காதால் கேட்டு டோனை அமைத்திருப்பார்? பிழையைத் திருத்துகிறேன் என்று அவருடைய டோனைக் கெடுக்கக் கூடாது. காசே வாங்காதவர்களுக்கு இந்த அக்கறை இருக்கும்போது, வாங்குகிறவர்களுக்கு ஏன் இல்லை?

இன்னும் பழைய உதாரணம் யமஹா டி.எக்ஸ்.7. 1983இல் வந்த கீபோர்டு. அதில் 32 டோன்கள் கொண்ட ஒரு தொகுப்பு வெறும் 4,096 பைட்தான். வாட்ஸ்அப்பில் வரும் ஒரு காலை வணக்கப் படத்தில் அப்படி எத்தனையோ தொகுப்பை அடைத்துவிடலாம். அந்தத் தொகுப்புகளை இன்றைக்கு டெக்ஸ்ட் (Dexed) என்ற இலவச மென்பொருளில் ஏற்றினால் எண் மாறாமல் திறக்கின்றன. சத்தம் மட்டும் கொஞ்சம் சுத்தமாகிவிடும், ஏனென்றால் பழைய கீபோர்டின் மின்சுற்று தந்த லேசான கரகரப்பு அந்த எண்களில் கிடையாது. அதற்காகவே பழைய கருவியின் குணத்தைக் காட்டும் எஞ்சின், நவீன எஞ்சின் என்று தேர்ந்தெடுத்துக்கொள்ள வசதி வைத்திருக்கிறார்கள். அதைக்கூட வாசிக்கிறவன் கையில்தான் விட்டிருக்கிறார்கள்.

பழைய பதிப்பையே வைத்துக்கொள்ள வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். முடிந்தவரை அப்படித்தான் செய்கிறோம், ஆனால் கணினி விடுவதில்லை. 2019இல் ஆப்பிள் தன் கணினிகளில் 32 பிட் என்ற பழைய வகை நிரல்களை அடியோடு நிறுத்தியது, பழைய பிளக்இன்கள் பல அத்தோடு போயின. பிளக்இன்கள் பலவும் நம்பியிருந்த வி.எஸ்.டி.2 என்ற முறையின் உருவாக்கக் கருவியை ஸ்டைன்பெர்க் நிறுவனம் 2018இல் வெளியிடுவதை நிறுத்திவிட்டது. எல்லோரும் வி.எஸ்.டி.3-க்கு நகர்கிறார்கள். பழைய லேப்டாப்பை இணையத்தில் இணைக்காமல், அப்டேட் எதுவும் ஏறவிடாமல் மேடைக்கென்றே வைத்திருக்கிறேன். அதன் விசிறி போடுகிற சத்தத்தைப் பார்த்தால் இன்னும் எத்தனை கொடை தாங்குமோ.

ஆகவே உங்கள் பக்கத்தில் அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது இசை வாசிக்கிறவர்களுக்கென்று இரண்டு வரி சேர்க்கச் சொல்லுங்கள். புதிய பதிப்பை ஏற்றுமுன் பழைய டோன் ஃபோல்டரை முழுதாக வேறு டிரைவுக்கு எடுத்துவிட வேண்டும். முடித்த பாட்டின் ஒவ்வொரு டிராக்கையும் ஆடியோவாகவும் எடுத்து வைக்க வேண்டும், எந்தப் பிளக்இன் போனாலும் அந்த ஆடியோ திறக்கும். மிகவும் வேண்டிய டோன் என்றால் நாலைந்து சுரத்துக்கு ஒன்றாகப் பதிவு செய்து, பதிந்த சத்தத்தைக் கட்டைகளில் வாசிக்க வைக்கும் சாம்ப்ளரில் ஏற்றிவிடுவது நல்லது. என் ஸ்ட்ரிங்ஸ் பேட் இப்போது அப்படித்தான் உயிரோடு இருக்கிறது.

பழைய கீபோர்டைப் பரணில் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. டி.எக்ஸ்.7 போன்றவற்றில் நாம் சேமித்த டோன்களைக் காப்பது உள்ளே இருக்கும் காசு அளவு பேட்டரிதான். அது தீர்ந்தால் அத்தனையும் அழிந்துவிடும். தீருமுன் ஒரு மிடி கேபிளை மாட்டி டோன்களைக் கணினிக்கு அனுப்பி வைத்துவிடுங்கள், பேட்டரியை அதற்குப் பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகன்,
களியக்காவிளை, கன்னியாகுமரி மாவட்டம்