பாய்வதற்கு முன் 1972-ஐப் பாருங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

எதிர்க்கட்சி தன் துணை அதிபர் வேட்பாளரை நடுவில் மாற்றினால் உடனே பாய்ந்து அடித்துவிட வேண்டும் என்கிறார் உங்கள் கட்டுரையாளர். எனக்குச் சம்மதமில்லை. 1972-ல் அமெரிக்காவில் இதே நிலைமை வந்தபோது, மறுபடி தேர்தலில் நின்ற குடியரசுக் கட்சி அதிபர் நிக்சன் செய்தது நேர்மாறு.

அந்த ஜூலையில், மயாமி பீச் கட்சி மாநாட்டின் கடைசி நேர அவசரத்தில், சரியாக விசாரிக்காமலே மிசௌரி செனட்டர் ஈகிள்டனைத் துணை அதிபர் வேட்பாளராகச் சேர்த்துக்கொண்டார் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் மெக்கவர்ன். இரண்டு வாரத்துக்குள் விஷயம் வெளியே வந்தது: ஈகிள்டன் மனச்சோர்வுக்காக மூன்று முறை மருத்துவமனையில் இருந்தவர், மின் அதிர்ச்சி சிகிச்சையும் எடுத்தவர். "1000 சதவீதம் அவர் பக்கம்தான்" என்ற மெக்கவர்ன், சில நாளிலேயே கைவிட்டார். அப்புறம் எட்வர்ட் கென்னடி, ஹம்ஃப்ரி, மஸ்கி என்று கட்சியின் பெரிய தலைகளைக் கேட்டுப் பார்த்து, எல்லோரும் நழுவ, கடைசியில் கென்னடி வீட்டு மாப்பிள்ளை சார்ஜென்ட் ஷ்ரைவர் வந்தார்.

நிக்சன் தன் ஆட்களிடம் வாயைத் திறக்காதீர்கள் என்றார். ஈகிள்டனின் மகனுக்கு, அப்பாவைப் பாராட்டி, தன் கையாலேயே ஒரு கடிதமும் எழுதினார். (இதை வைத்து அவரை நல்ல மனிதர் என்று சொல்லிவிடாதீர்கள், எதிர்க்கட்சி அலுவலகத்தில் திருட்டுத்தனமாகப் புகுந்த வாட்டர்கேட் ஆட்கள் பிடிபட்டது அதற்கு முந்தைய ஜூனில்தான்!) ஈகிள்டனை அடித்திருந்தால் நோயாளியை அடிக்கிறான் என்று அனுதாபம் அந்தப் பக்கம் போயிருக்கும்; 1974-ல் மிசௌரி மக்கள் அவரை மறுபடி செனட்டுக்கு அனுப்பினார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பேசாமல் இருந்ததால், துணைக்கு ஒரு ஆளைத் தேர்ந்தெடுக்கத் தெரியாதவர் நாட்டை எப்படி நடத்துவார் என்ற கேள்வி மட்டும் மெக்கவர்ன் தலையில் நின்றது. புதிதாக வந்த ஷ்ரைவரைத் திட்டினாலும், பழைய குழப்பத்தை மறக்க ஜனங்களுக்கு நாமே உதவி செய்ததாகத்தான் ஆகும்.

இன்னொன்று. தன் துணை அதிபர் ஆக்னியூவை மாற்றிவிட்டு, தன் நிதியமைச்சராக இருந்த கானலியைக் கொண்டுவரலாமா என்று நிக்சனுக்கே ஓர் ஆசை இருந்தது. ஆனாலும் மாற்றவில்லை. அங்கே குழப்பம், இங்கே பழைய ஜோடி. அந்த ஆக்னியூ 1973-ல் வரி வழக்கில் பதவி விலகியது வேறு கதை.

அந்தத் தேர்தலில் நிக்சன் வென்ற 49 மாநிலங்கள் இந்த மௌனத்தால் கிடைத்தவை என்று நான் சொல்லவில்லை, நிக்சன் ஏற்கெனவே வெகுதூரம் முன்னால் இருந்தார். முன்னால் இருப்பவருக்குத்தான் மௌனம் கட்டுப்படியாகும், பின்தங்கியவர் பேசித்தான் ஆக வேண்டும். கட்டுரையாளர் இந்த வித்தியாசத்தை ஒரு வரி தொட்டிருந்தால்கூட நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்