முத்திரை வேண்டாம், தேதி போதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

சொன்ன தேதிக்கு வேலையை முடித்துத் தருவதில்லை என்று பட்டறைக்காரர்களைத் திட்டாதவர்கள் கோவையில் குறைவு. திட்டு வாங்குகிறவனும் கொஞ்சம் பேசிக்கொள்கிறேன். கணபதியில் இரண்டு லேத்தும் (கடைசல் இயந்திரம்) ஒரு மில்லிங் இயந்திரமும் வைத்து ஜாப் ஒர்க், அதாவது பிற கம்பெனிகளுக்குக் கூலிக்குப் பாகங்கள் செய்து தரும் வேலை, செய்கிறேன்.

வந்த வரிசையில் வேலையை எடுப்பதே நியாயம் என்று நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். காலையில் ஒரு லேத்துக்கு மூன்று வேலைகள் காத்திருக்கின்றன என்று வையுங்கள். பம்ப் ஷாப்ட் 6 மணி நேரம், புஷ் 1 மணி நேரம், கப்ளிங் 2 மணி நேரம். வந்த வரிசைப்படி எடுத்தால் 6, 7, 9 ஆவது மணிகளில் முடியும். சிறியதை முதலில் ஏற்றினால் 1, 3, 9. மூன்றையும் லேத் முடிக்கும் நேரம் மாறவில்லை. ஆனால் ஆளுக்குச் சராசரியாக 3 மணி நேரம் முன்னதாகச் சரக்கு கைக்குப் போகிறது. இதற்காக ஒரு ஸ்பேனர்கூடப் புதிதாக வாங்கவில்லை.

இதிலும் வினை உண்டு. சில்லறை வேலைகள் வந்துகொண்டே இருந்தால் ஷாப்ட்காரர் தலையில் துண்டுதான். அதனால் கெடு நெருங்கிய பெரிய வேலையை நடுவே ஏற்றிவிடுவேன். கெடு முந்தியதை முதலில் எடுத்தால் மிக மோசமான தாமதம் குறையும் என்று ஜாக்சன் என்ற அமெரிக்கர் 1955இலேயே நிரூபித்துவிட்டாராம்; பொறியியல் படிக்கும் என் மகன் சொன்னான். பள்ளிக்கூடம் தாண்டாத என் அப்பாவும் அப்படித்தான் செய்தார்.

இத்தனையும் ஒரு தொலைபேசி அழைப்பில் தவிடுபொடியாகிவிடும். 'மிக அவசரம், இன்றே வேண்டும்.' ஓடுகிற ஷாப்டைப் பாதியில் இறக்க வேண்டும். மறுபடி ஏற்றி, டயல் கேஜ் என்ற அளவுமானியை வைத்து, சுற்றும்போது ஆட்டம் இருக்கிறதா என்று பார்த்துச் சென்டர் பிடிப்பதற்குள் முக்கால் மணி நேரம் போய்விடும். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை இரட்டைக் கூலி கொடுத்து 40 புஷ்கள் முடித்து அனுப்பினேன். பத்து நாள் கழித்துப் பணம் கேட்கப் போனபோது, அந்த மூட்டை நான் கட்டிய சணல் முடிச்சுகூட அவிழாமல் அவர்கள் கிடங்கு வாசலில் கிடந்தது.

கொள்முதல் அதிகாரிகள் 'மிக அவசரம்' என்ற முத்திரையைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, பாகம் எந்தத் தேதியில் அசெம்பிளிக்குப் போகும் என்பதை ஆர்டர் சீட்டில் எழுதினால் போதும். இன்று என் பலகையில் தொங்கும் 11 சீட்டுகளில் 9இல் அந்த முத்திரை இருக்கிறது.

பட்டறைக்காரர் ஒருவர்,
கணபதி, கோவை.