காரின் மரத்தைக் கழற்றி வீசாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பழைய பென்ஸ், ஜாகுவார் கார்களின் டாஷ்போர்டிலும் கதவுகளிலும் இருக்கிற மரம் கொஞ்சம் வெடித்தாலோ நிறம் மங்கினாலோ, அதைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டு மர டிசைன் ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுப்பது நம் மலையகத்துக் கராஜ்கள் பலவற்றில் வழக்கமாகிவிட்டது. மரத்துக்குப் பொலிஷ் போடுவது என் தொழில். துரை பங்களாக்களின் மேசை, அலுமாரிகளில் தொடங்கி இப்போது காருக்குள் இருக்கிற மரம் வரை செய்கிறேன். கழற்றி எறியப்படும் அந்தத் துண்டுகளில் பெரும்பாலானவை காப்பாற்றக் கூடியவை, அதைக் கார் வைத்திருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

வெடித்திருப்பது அநேகமாக மேலே உள்ள லாக்கர் பூச்சுதான். இந்தக் கார்களில் மரம் என்பது முழுப் பலகை கிடையாது. பிளைவூட்டின் மேலோ அலுமினியத் தகட்டின் மேலோ ஒட்டிய வெனியர், அதாவது தாள் மாதிரி மெல்லியதாகச் சீவிய மரம், ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அதற்கு மேலே கண்ணாடி மாதிரி தடிப்பான பொலியெஸ்டர் பூச்சு. வயதாக ஆக அந்தப் பூச்சு இறுகி நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும், ஆனால் அடியில் இருக்கிற மரம் ஈரத்துக்கு உப்பிக்கொண்டும் வெயிலுக்குச் சுருங்கிக்கொண்டும் இருக்கும். இரண்டுக்கும் ஒத்துப்போகாத இடத்தில் மயிரிழை மாதிரி கோடு விழும், அப்புறம் அதன் வழியாக ஈரம் இறங்கி வெள்ளையாகப் பூத்துவிடும்.

நம் ஊர்களில் இது சீக்கிரமே நடக்கிறது. நுவரெலியா கிட்டத்தட்ட 1,870 மீட்டர் உயரம். ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் பத்து சதவீதமளவு கூடும் என்பார்கள், ஆகவே குளிராக இருக்கிறதே என்று வெயிலில் நிறுத்தினாலும் மரம் வெளுக்கத்தான் செய்யும். ஜனவரியில் உறைபனி விழுகிற இடத்தில் விடியும்வரை நின்ற கார், பகலில் கொழும்புக்கு இறங்கி அங்கே பூட்டிய கண்ணாடிக்குள் வேகிறது. எந்தப் பூச்சுதான் தாங்கும்?

சரி, எப்படிச் சரிசெய்வது? கோடு லாக்கரோடு நின்றிருந்தால் தெளிவான எபொக்ஸியைச் சொட்டுச் சொட்டாக இறக்கி, காய்ந்ததும் மெல்லிய சாண்ட்பேப்பரால் சமமாக்கி, பளபளப்பாக்கும் கொம்பவுண்ட் பசை போட்டுத் தேய்த்தாலே போதும். பூச்சு எழும்பியிருந்தால் முழுவதையும் எடுக்க வேண்டும், ஹீட் கன்னால் மெதுவாகச் சூடாக்கி, முனை மழுங்கிய ஸ்க்ரேப்பரால், பொறுமையாக. அவசரப்பட்டால் வெனியரின் பசையும் இளகி அதுவும் சேர்ந்து வந்துவிடும். பிறகு வெளுத்த இடத்துக்கு நிறம் கொடுத்து, அடிப்பூச்சான சீலர் அடித்து, இரண்டு பாகம் கலக்கிற பொலியூரித்தேன் கிளியரை (நிறமில்லாத மேல்பூச்சை)ப் பல தடவை ஏற்றி, நன்றாக இறுகும்வரை விட்டுவிட்டு, 800, 1200, 2000 நம்பர் சாண்ட்பேப்பர் என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தண்ணீர் விட்டுத் தேய்க்க வேண்டும். மூடுபனி நாளில் தயவுசெய்து ஸ்ப்ரே பண்ணாதீர்கள். அந்தக் கிளியரில் கலக்கிற ஹார்ட்னர் காற்றின் ஈரத்தோடு சேர்ந்தால் வாயு உண்டாகி, பூச்சுக்குள் பொடிப்பொடியாகக் குமிழி நிற்கும். அதே ஹார்ட்னர் நுரையீரலுக்குக் கெடுதி, முகத்தில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு அடிக்கிற வேலை இல்லை இது, அதற்குரிய மாஸ்க் வேண்டும்.

மேசைக்குப் போடுகிற பிரெஞ்சு பொலிஷையே காருக்கும் போட்டுத் தருகிற தச்சர்களும் இருக்கிறார்கள். அவர்கள் கைத்திறனில் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பொலிஷ் அரக்கில் செய்வது, அரக்கு சூட்டில் இளகும், பூட்டிய காருக்குள் அது நிற்காது.

வெனியரே உடைந்து, சில்லுச் சில்லாகப் போயிருந்தால் மாற்றத்தான் வேண்டும். அப்போதும் ஒரு துண்டை மட்டும் மாற்றினால் கண்ணை உறுத்தும். வால்நட் முடிச்சு வெனியர் போட்ட கார்களில் ஒரே கட்டையிலிருந்து அடுத்தடுத்துச் சீவிய தாள்களைப் புத்தகம் விரிப்பதுபோல் விரித்து இடமும் வலமும் ஒட்டியிருப்பார்கள், ஒரு பக்கத்தின் சுழி மறுபக்கத்தில் கண்ணாடியில் பார்த்ததுபோல் இருக்கும். பென்ஸ் 124, 126 மாடல்களில் நிறைய வரும் வரிவரியான செப்ரானோ மரமோ மேற்கு ஆபிரிக்காவில் வளர்வது, அந்த வரிகள் எங்கள் மொறட்டுவை மகோகனியில் வரவே வராது. பழைய உதிரிப்பாகம் விற்கிற கொழும்புப் பஞ்சிகாவத்தையில் தேடிப் பழைய செட் ஒன்று கிடைத்தால் வாங்குங்கள், தவறில்லை. ஆனால் அதற்கும் அதே வயதுதான், அதே வெடிப்புத்தான் இருக்கும், ஆகவே திருத்த முடிகிற நிலையில் இருந்தால் இருப்பதைத் திருத்துவதே மேல் என்பேன்.

எல்லாக் காரிலும் மரம்தான் இருக்கிறது என்று சொல்லவில்லை. பிளாஸ்டிக்கில் அச்சடித்த மரமும் நிறைய வருகிறது. துண்டைக் கழற்றிப் பின்பக்கம் பாருங்கள், இரண்டு துண்டுகளில் ஒரே சுழி அச்சாகத் திரும்பி வருகிறதா என்றும் பாருங்கள். அச்சு என்றால் தேய்க்கவே கூடாது, அதற்கு ஸ்டிக்கர் ஒட்டட்டும், ஆனால் எயார்பேக் திறக்கிற மூடியின் மேல் மட்டும் எதையும் ஒட்டக் கூடாது.

எனக்குக் கோபம் வருவது இன்னொன்றுக்கு. அண்மையில் ஒருவர், கராஜ் ஒன்றில் டாஷ்போர்ட் வேலைக்கு விட்ட காரைத் திரும்ப எடுத்தபோது ஐந்து துண்டு அசல் வால்நட் காணாமல் போய், அந்த இடத்தில் பளபளவென்று ஸ்டிக்கர். அவரிடம் கேட்கவே இல்லை. எரித்துவிட்டோம் என்றார்களாம். மிச்சமிருந்த கதவுத் துண்டுகளை என்னிடம் கொண்டுவந்தார், அவற்றிலும் சிலிகன் ஸ்ப்ரேயை அடித்து ஊறவைத்திருந்தார்கள். சிலிகன் பட்ட மரத்தில் புதுக் கிளியர் ஒட்டாது, மீன்கண் மாதிரி குழி குழியாக விலகும், அதைப் போக்குவது பெரும்பாடு.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தார்கள். இவ்வளவு காலம் பழைய கார்களை வைத்துப் பழுதுபார்த்து ஓட்டிய நாடு இது, வேலை தெரிந்த கைகளுக்குத் தேவை இருக்கிறது. ஹட்டனிலும் பண்டாரவளையிலும் உள்ள தொழிற்பயிற்சி நிலையங்கள் தச்சு வேலையோடு வெனியர் ஒட்டுவதையும் ஸ்ப்ரே பூச்சையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தால், தோட்டத்துப் பிள்ளைகள் சிலருக்காவது ஊரிலேயே நல்ல தொழில் அமையும். நானும் வந்து சொல்லிக்கொடுக்கத் தயார்.

கராஜ்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். ஸ்டிக்கர்தான் ஒட்டுவீர்கள் என்றாலும், கழற்றிய மரத்தைக் கடதாசியில் சுற்றி உரியவரிடமே கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
மரப் பொலிஷ் தொழிலாளி,
ஹட்டன்.