சூரியன் வராத ஊருக்கு

திருகோணமலை,
டிசம்பர் 18.

அன்புள்ள வசந்தி,

இங்கே எல்லோரும் சுகம். இவருக்கு முழங்கால் வலி வழமை போல. மழை வரப்போகிறதென்றால் ரேடியோவுக்கு முன்னமே அறிவித்துவிடுவார். சின்னவளுக்குக் கந்தளாயில் வேலை கிடைத்துவிட்டது. பாக்கியம் அக்கா இன்னும் அதே பாக்கியம் அக்காதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை வட்ஸ்அப்பில் கதைத்தபோது உன் முகம் சரியில்லை. "எழும்பவே மனமில்லையடி, பத்து மணி வரை படுக்கிறேன், எழும்பினாலும் பாணும் பிஸ்கட்டும்தான் தேடுது" என்று சிரித்துக்கொண்டு சொன்னாய். ஏ.எல். சோதனை முடிவு வந்த அன்றைக்கும் நீ இப்படித்தான் சிரித்தாய். பக்கத்தில் மகள் இருந்தபடியால் அங்கே ஒன்றும் கேட்கவில்லை.

டொக்டராக இருக்கிற என் பெறாமகளிடம் உன் பெயர் சொல்லாமல் விசாரித்தேன். (சொல்லித்தான் விசாரித்தேன், கோபிக்காதே.) நீ சோம்பேறியாகிவிட்டாய் என்று நான் நினைத்தால் அவள் என்னைத்தான் பேசுவாள் போலிருக்கிறது. பருவகால மனச்சோர்வு என்று இதற்குப் பெயரே இருக்கிறதாம். 1984இல் அமெரிக்காவில் நோர்மன் ரோசன்தால் என்ற மனநல வைத்தியரும் கூட்டாளிகளும் எழுதி வைத்திருக்கிறார்கள். நித்திரை கூடும், மாப்பண்டமும் இனிப்பும் தேடும், ஆட்களைக் காண அலுப்பு வரும். காலை வெளிச்சம் கண்ணில் படும்போதுதான் மூளை தன் மணிக்கூட்டைச் சரிசெய்யுமாம். நோர்வேயின் வடக்கில் இருக்கிற உங்கள் ட்ரொம்சோவில் நவம்பர் கடைசி முதல் ஜனவரி நடு வரை சூரியன் தலையே காட்டாது. பிறகு அது எதைப் பார்த்துச் சரிசெய்யும்? எங்களுக்கு எந்த மாரியிலும் பகல் 11½ மணி நேரத்துக்குக் குறையாது. அப்படியிருந்தும் வாடைக் காற்றும் மழையுமாக நாலு நாள் அடைத்துக்கொண்டால், டச்பேயில் கரையேற்றிய வள்ளங்களைப் பார்க்க எனக்கே அழுகை வருகிறது.

"இவ்வளவு வருஷம் இங்கேதானே இருந்தேன், இப்போ என்ன புதிதாக?" என்று கேட்பாய். இவ்வளவு வருஷமும் நீ மீன் தொழிற்சாலைக்குப் போனாய். எவ்வளவு இருட்டானாலும் காலையில் நீ வராவிட்டால் "வசந்தி எங்கே" என்று கேட்க ஆள் இருந்தது. பென்ஷன் எடுத்த பிறகு இதுதான் முதல் மாரி. இருட்டு பாதி, கேட்க ஆளில்லாதது பாதி என்றுதான் எனக்குப் படுகிறது. இது டொக்டர் சொன்னதல்ல, என் கணிப்பு.

டொக்டர் சொன்னது வெளிச்சப் பெட்டி. அதில் 10,000 லக்ஸ் (லக்ஸ் என்றால் வெளிச்சத்தை அளக்கிற கணக்கு) என்று போட்டிருக்க வேண்டும். எழும்பிய கையோடு அதன் முன்னால் 20 முதல் 30 நிமிடம் இருந்து தேத்தண்ணி குடிக்கலாம், பேப்பர் பார்க்கலாம். கண் திறந்திருந்தால் போதும், உற்றுப் பார்க்கத் தேவையில்லை. வீட்டு லைட்டெல்லாம் சில நூறு லக்ஸ்தான், அதனால் குசினி லைட்டுக்குக் கீழே இருந்துவிட்டு "நானும் செய்தேன்" என்று கதை விடாதே. இரவில் போட்டால் நித்திரை கெடும். உனக்குச் சீனி வருத்தம் இருப்பதால், விழித்திரையைக் கண் டொக்டரிடம் காட்டிவிட்டுத்தான் பெட்டி வாங்க வேண்டும் என்று பெறாமகள் இரண்டு தரம் சொன்னாள்.

மத்தியானத்தில் நீலமாக ஒரு வெளிச்சம் வருமே, படம் அனுப்பினாயே, அந்த நேரம் பனியில் வழுக்காமல் சப்பாத்தில் மாட்டுகிற முள்ளையும் போட்டுக்கொண்டு வெளியே இறங்கு. அந்த ஊர் ஆட்கள் மாரி முழுக்கக் குடிக்கும் மீனெண்ணெயையும் விடாதே. மனதுக்கு அது மருந்தென்று நான் சொல்லவரவில்லை. ஆனால் வெயில் படாத உடம்புக்கு விட்டமின் டி வேறெங்கிருந்து வரும்?

இனி விளையாட்டில்லை. பெட்டி வைத்து இரண்டு மூன்று கிழமையில் மாற்றமில்லை என்றால் உன் குடும்ப வைத்தியரிடம் போ. கதைத்துக் குணப்படுத்துகிற சிகிச்சை இருக்கிறது, மாத்திரையும் இருக்கிறது, இரண்டிலும் வெட்கமில்லை. "இருந்து என்ன செய்ய" என்ற நினைப்பு ஒரு தரம் வந்தாலும் கிழமைக் கணக்குப் பார்க்காதே. அன்றைக்கே மகளிடம் சொல், அன்றைக்கே டொக்டரிடம் போ. அந்த நினைப்பு வந்ததா என்று உன்னை நேராகவே கேட்கிறேன். நேராகப் பதில் சொல்.

இன்னொரு ஏற்பாடும் செய்துவிட்டேன். இங்கே பகல் 12.30 என்றால் உனக்குக் காலை எட்டு. நாளை முதல் சோற்றுக்கு இருக்க முன்னம் உனக்குக் கோல் எடுப்பேன். நீ தலை இழுத்து, வெளிச்சத்துக்கு முன்னால் இருக்க வேண்டும். எடுக்காவிட்டால் மகளுக்கு எடுப்பேன், அவளும் எடுக்காவிட்டால் பாக்கியம் அக்காவிடம் நம்பரைக் கொடுத்துவிடுவேன். திருவெம்பாவைக்குக் கோணேசர் கோயிலுக்கு விடிய முதலே போய்வந்து எனக்கு மத்தியானம் நித்திரை தூங்கும், ஆனாலும் எடுப்பேன்.

சூரியன் முகம் காட்டாமலே தைப்பொங்கல் பொங்குகிற ஆட்கள் நீங்கள்! ஜனவரி 21இல் சூரியன் திரும்பி வந்ததென்று அங்கே ஜாம் வைத்த பணிஸ் தின்பார்களே, உண்மையில் அன்றைக்குத்தான் நீ பொங்க வேண்டும். பணிஸ் ஒன்றோடு நிறுத்து.

நெத்தலிக் கருவாடு கேட்டாய். மீன் தொழிற்சாலை ஊருக்கு இங்கிருந்து மீன் அனுப்புகிற கூத்தை யாரிடம் சொல்ல! இந்த மழையில் ஒன்றும் காயவில்லை, தை பிறக்கட்டும். சுங்கத்தில் பறிப்பார்களா என்று மருமகனிடம் கேட்டுச் சொல்.

அன்புடன்,
ராணி