அட்டைப்பெட்டி ஆலையின் 'இல்லை'

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாடுகளின் புத்தாக்கத் திறன் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையையும், கூடவே போட்டிருந்த தரவரிசை அட்டவணையையும் பார்த்தேன். புள்ளிவிவரங்களில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கட்டுரை முழுக்க ஆராய்ச்சிக்கு எவ்வளவு செலவு, காப்புரிமை எத்தனை என்ற இரண்டையே சுற்றிச் சுற்றி வருகிறது. நிறுவனங்களிடம் புத்தாக்கம் பற்றிக் கேட்டு எடுக்கும் கணக்கெடுப்பில் பல வருடம் படிவங்களைச் சரிபார்த்தவன் நான். அதனால் சும்மா இருக்க முடியவில்லை.

ஆராய்ச்சிச் செலவை எண்ணுவது ஓரளவு சுலபம், அதனால் அதுதான் முதலில் வந்தது. 1963இல் இத்தாலியின் ஃபிராஸ்காட்டி நகரில் ஓஇசிடி (பெரும்பாலும் வளர்ந்த நாடுகள் சேர்ந்த பொருளாதார ஒத்துழைப்பு அமைப்பு) நாடுகளின் வல்லுநர்கள் கூடி, எதையெல்லாம் ஆராய்ச்சி என்று கணக்கில் சேர்க்கலாம் என்பதற்கு ஒரு கையேடு தயாரித்தார்கள். நல்ல கையேடு, திருத்தப்பட்ட வடிவில் இன்றைக்கும் புழக்கத்தில் இருக்கிறது. ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு புத்தாக்கத்தைப் பேசுவது, விதையை அளந்துவிட்டு விளைச்சலைச் சொல்வது மாதிரி.

காப்புரிமையிலும் சிக்கல் உண்டு. மருந்து நிறுவனம் தன் புதிய மூலக்கூறுக்குக் காப்புரிமை வாங்காமல் இருக்காது. உற்பத்தியில் ஒரு சூட்சுமத்தைக் கண்டுபிடித்த ஆலையோ, விண்ணப்பித்தால் ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும் என்று வாயே திறக்காது. சீனாவில் உள்ளூர் அரசுகள் காப்புரிமை விண்ணப்பங்களுக்கு மானியம் கொடுத்தன, விண்ணப்பங்கள் குவிந்தன. கடைசியில் காப்புரிமைக்கான எல்லா மானியங்களையும் 2025க்குள் நிறுத்த வேண்டும் என்று 2021இல் அந்நாட்டுக் காப்புரிமை நிர்வாகமே சொல்ல வேண்டியதாயிற்று.

சரி, நிறுவனங்களையே நேரில் கேட்டுவிட்டால் என்ன? புத்தாக்கத்தை அளப்பதற்கென்றே 1992இல் ஓஇசிடி வெளியிட்ட ஆஸ்லோ கையேட்டின் யோசனை அதுதான். ஐரோப்பிய நாடுகள் அதை வைத்து ஒரு பொதுவான கேள்விப்படிவத்தோடு கணக்கெடுக்கின்றன. கடந்த மூன்று ஆண்டுகளில் புதிய பொருளையோ குறிப்பிடத்தக்க அளவு மேம்பட்ட பொருளையோ சந்தைக்குக் கொண்டுவந்தீர்களா, செய்முறையில் அப்படி ஏதாவது மாற்றினீர்களா என்று கேட்பார்கள். கேட்பதற்கு எளிது. அந்தக் 'குறிப்பிடத்தக்க அளவு' என்ற இடத்தில்தான் எல்லாம் வழுக்கும்.

ஒருமுறை அட்டைப்பெட்டி செய்யும் ஆலை ஒன்றிலிருந்து எல்லாவற்றுக்கும் 'இல்லை' போட்ட படிவம் வந்தது. ஒரு கட்டம் விடுபட்டிருந்ததால் போன் செய்தேன். "நாங்க பெட்டி செய்றவங்க சார், எங்ககிட்ட என்ன ஆராய்ச்சி?" என்றார் கணக்கர். பேச்சுவாக்கில் இன்னொன்றும் சொன்னார். வெட்டும் இயந்திரத்துக்கு எந்த ஆர்டரை அடுத்து எதைக் கொடுப்பது என்று வரிசைப்படுத்த அங்கே ஒரு பையன் சின்னதாக ஒரு புரோகிராம் எழுதினானாம், அட்டைக் கழிவு பாதியாகக் குறைந்துவிட்டதாம். கையேட்டின்படி அது சந்தேகமே இல்லாமல் செய்முறைப் புத்தாக்கம். நானாகத் திருத்த எனக்கு அதிகாரம் கிடையாது, அவரையே மாற்றி அனுப்பச் சொன்னேன். அதே வாரம் இன்னொரு நிறுவனத்தின் படிவத்தில் எல்லாக் கட்டத்திலும் 'ஆம்'. என்னவென்று விசாரித்தால், இணையதளத்தின் நிறத்தை மாற்றியிருக்கிறார்கள்!

கேள்வி எங்கே இருக்கிறது என்பது கூட விடையை மாற்றும். நார்வேயில் வெகுகாலம் ஆராய்ச்சிச் செலவுக் கேள்விகளும் புத்தாக்கக் கேள்விகளும் ஒரே படிவத்தில் போய்க்கொண்டிருந்தன. புத்தாக்கத்துக்கு மட்டும் தனிப் படிவம் அனுப்பிப் பார்த்தபோது 'ஆம்' சொன்ன நிறுவனங்களின் விகிதம் நன்றாகவே ஏறியது. அதற்குள் அங்கே தொழிற்சாலைகள் ஒன்றும் தலைகீழாக மாறிவிடவில்லை. முதல் பக்கத்தில் ஆராய்ச்சி என்ற சொல்லைப் பார்த்ததும், என் அட்டைப்பெட்டிக் கணக்கரைப் போலவே 'இது நமக்கில்லை' என்று பலர் ஒதுங்கியிருக்க வேண்டும்.

இன்னொன்று, கட்டுரையில் வராதது. இந்தக் கணக்கெடுப்புகளில் நிறுவனத்துக்கு மட்டும் புதிதாக இருந்தாலே போதும், புத்தாக்கம்தான். போட்டியாளர்கள் என்றைக்கோ வாங்கிவிட்ட இயந்திரத்தை இன்றைக்கு வாங்கி உற்பத்தி முறையை மாற்றினாலும் 'ஆம்' போடலாம். அது தவறில்லை, புதிய முறை பரவுவதும் ஒரு பொருளாதாரத்துக்கு முக்கியம். ஆனால் பொருள்களைப் பற்றிக் கேட்கும்போது, சந்தைக்கே புதிதா என்று தனியாகவும் ஒரு கேள்வி உண்டு. அந்த இரண்டு விடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான், ஒரு நாடு முந்தி ஓடுகிறதா, பின்னால் வந்து பிடிக்கிறதா என்று புரியும். என்னைக் கேட்டால், ஒட்டுமொத்தத் தரவரிசையைவிட எனக்கு இந்த ஒரு இடைவெளி போதும்.

தரவரிசை என்றதும் நினைவுக்கு வருகிறது. உலகப் புத்தாக்கக் குறியீடு சுமார் 80 குறிகாட்டிகளைக் கலந்து 130க்கும் மேற்பட்ட பொருளாதாரங்களை வரிசைப்படுத்துகிறது. ஒவ்வொரு நாட்டின் இடமும் எந்த எண்ணிலிருந்து எந்த எண்வரை இருக்கக்கூடும் என்ற வீச்சையும் அதைத் தயாரிப்பவர்களே வெளியிடுகிறார்கள். கணக்கிடும் முறையும் தரவுகளும் மாறுவதால் ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடும்போது கவனம் தேவை என்றும் எச்சரிக்கிறார்கள். உங்கள் கட்டுரையோ ஒரு நாடு 2 இடம் முன்னேறியதற்கு ஒரு பத்தி முழுக்கப் பாராட்டு எழுதியிருக்கிறது.

அடுத்த முறை அந்த அட்டவணையைப் போடும்போது வீச்சுக்கு ஒரு நெடுவரிசையும், சந்தைக்குப் புதிது, நிறுவனத்துக்குப் புதிது என்று இரண்டு நெடுவரிசையும் சேர்த்துப் போடுங்கள். இடம் போதாவிட்டால் தரவரிசை நெடுவரிசையை எடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கெடுப்பு ஊழியர், தங்கள் நீண்டநாள் வாசகர்