மை காயாத பக்கம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே நானும் அம்மாவும் நலம். அவளுடைய முழங்கால் மட்டும் வானிலை அறிக்கைக்கு முன்னாலேயே மழையைச் சொல்லிவிடுகிறது.

நேற்று போனில் நீ சொன்னதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். பெல்ஃபாஸ்ட்டுக்குப் பக்கத்திலேயே, பான்பிரிட்ஜில், ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ டிவி தொடர் எடுத்த ஸ்டுடியோவைக் காட்சிக்கூடமாக்கி வைத்திருக்கிறார்கள். தோழிகள் டிக்கெட் எடுத்துக்கொண்டு கூப்பிடுகிறார்கள். நீயோ, “அந்த முடிவைப் பார்த்த பிறகு எனக்கு அங்கே என்ன வேலை?” என்கிறாய். 2019-இல் பிடித்த கோபம்! கல்யாணப் பந்தியில் தன் இலைக்குப் பாயசம் வரவில்லை என்று உன் பெரியப்பா வைத்திருந்த கோபம்கூட இத்தனை நாள் தாங்கவில்லை.

அந்தத் திங்கட்கிழமை, மே 20, எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. முந்தைய நாள்தான் தேர்தலின் கடைசிக் கட்டம் முடிந்திருந்தது. டெல்லியில் யார் என்று ஊரே பேசிக்கொண்டிருக்க, நாம் காலை ஆறரைக்கு உன் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து தொடரின் கடைசிப் பகுதியில் இரும்பு அரியணை யாருக்கு என்று காத்திருந்தோம். தொடரின் ஒரு விருந்துக் காட்சியில், டிராகன் ராணி டேனேரிஸின் மேசையில் யாரோ மறந்து வைத்த காபிக் கோப்பை செய்தியானதிலிருந்து அம்மாவுக்குக் கொண்டாட்டம். “டேனேரிஸுக்கும் ஒரு டம்ளர் ஆற்றட்டுமா?” என்று அன்றும் கேட்டாள். நீ சிரிக்கவில்லை. கடைசியில் ஸ்டார்க் குலத்துப் பிரான் ராஜாவானதும் எழுந்து போய் எல்லா டம்ளர்களையும் கழுவி வைத்தாய். யாரும் சொல்லாமல் நீ பாத்திரம் கழுவியது அன்று ஒருநாள்தான்.

பிறகு, கடைசி சீசனை மறுபடி எடுக்கவேண்டும் என்ற மனுவில் கையெழுத்துப் போட்டாய். பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் போட்டார்கள். பத்திரம் எழுதிப் பிழைத்தவன் நான். பதிவான பத்திரத்தில் ஓர் எழுத்தைத் திருத்துவது என்ன பாடு என்று எனக்குத் தெரியும். அதனால் சிரித்துவிட்டேன். அதற்காக இரண்டு நாள் என்னோடு பேசாமல் இருந்தாய்.

உன் கோபம் நியாயமானதுதான். ஆனால் நீ காட்டுகிற குற்றம் வேறு, நான் கண்ட குற்றம் வேறு. டேனேரிஸ் தலைநகரை எரித்ததை உன்னால் மன்னிக்க முடியவில்லை. மீரீன் நகரில் அடிமைகளின் எஜமானர்கள் 163 பேரைச் சிலுவையில் அறையச் சொன்னவள் அவள். தோற்றுப் பிடிபட்டும் மண்டியிடாத டார்லி பிரபுவையும் அவன் மகனையும் டிராகன் நெருப்புக்குக் கொடுத்தவளும் அவளே. அன்றெல்லாம் நாம் கைதட்டிக்கொண்டிருந்தோம். அமெரிக்காவில் பெண் குழந்தைகளுக்கு அவளுடைய பட்டமான காலீசி என்று பெயர்கூட வைத்தார்கள், பாவம். அவள் அந்த இடத்துக்கு வந்து சேர்வாள் என்பதை நான் நம்புகிறேன். வந்த வழியைத்தான் காட்டவில்லை. நகரம் சரணடைந்ததாக மணி அடிக்கிறது, டிராகன் முதுகில் அவள் முகத்தைச் சில நொடிகள் காட்டுகிறார்கள், அடுத்து நெருப்பு. முதல் சீசனில் ராபர்ட் ராஜா வின்டர்ஃபெல் கோட்டைக்கு வந்து சேரவே ஒரு மாதம் ஆயிற்று. ஏழாவது சீசனில் பனிக்காட்டில் மாட்டிக்கொண்டவர்கள் காக்கையை அனுப்பினால், அது போய்ச் சேர்ந்து டிராகனும் வந்து இறங்கிவிடுகிறது. முதல் ஆறு சீசனுக்கும் பத்துப் பத்துப் பகுதிகள். ஏழாவதற்கு ஏழு, எட்டாவதற்கு ஆறு. தொடருக்கு மூலமான நாவல்வரிசையும் ஐந்தாவது நாவலோடு நின்றுபோயிருந்தது. பிடித்து நடக்கக் கை இல்லாதவன் மெதுவாக அல்லவா நடக்க வேண்டும்? இவர்கள் ஓடினார்கள்.

இந்த அவசரம் எனக்குப் பழக்கமானது. ஒரு முகூர்த்த நாள், சாயங்கால நேரம், வாசலில் பத்துப் பேர். பதினோரு பக்கம் முத்து முத்தாக எழுதிய கிரயப் பத்திரத்தில், கடைசிப் பக்கத்துச் சொத்து விவரத்தில் கிழக்கையும் மேற்கையும் மாற்றி எழுதிவிட்டேன். பிழைதிருத்தல் பத்திரத்துக்காக அந்தப் பெரியவர் மறுபடி பஸ் ஏறி வந்தார். என்னைத் திட்டவில்லை. “மற்ற பக்கமெல்லாம் நன்றாக எழுதியிருந்தீர்களே” என்றார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

அந்தக் கடைசிப் பகுதியிலும் எனக்குப் பிடித்த ஓர் இடம் உண்டு. ஜெய்மி செத்த பிறகு, ராஜாவின் மெய்க்காவல் வீரர்களின் வரலாறு எழுதும் வெள்ளைப் புத்தகத்தில் அவனுடைய பக்கத்தை, அவனை நேசித்த வீராங்கனை பிரியன் எழுதி முடிக்கிறாளே, அதுதான். தன்னை விட்டுவிட்டு ராணி செர்ஸியிடம் ஓடியவன். அவனைப் பற்றி ஒரு கசப்பான சொல்கூட இல்லாமல், தன் ராணியைக் காக்கும்போது இறந்தான் என்று எழுதுகிறாள். பேனா ஒரு கணம் தயங்குவதைப் பார்த்திருப்பாய். அங்கே எனக்குக் கண் கலங்கியது. உடனே அவள் மை காய்வதற்குள் புத்தகத்தை மூடிவிட்டாள்! “ஐயோ, எதிர்ப்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளுமே” என்று நான் வாய்விட்டே சொல்லிவிட்டேன். நீ சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாய்.

ஆகவே போய்வா. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒவ்வொரு குலத்தின் கதையையும் நோட்டில் கட்டம் போட்டு எனக்கு விளக்கினாயே, அந்த நோட்டு இங்கே பீரோவில் பத்திரமாக இருக்கிறது. டிரியனின் பெயரை நான் தப்பாகச் சொன்னபோதெல்லாம் நீ அடித்த சிவப்புக் கோடுகளும் அதில் இருக்கின்றன.

அந்த வெள்ளைப் புத்தகத்தை அங்கே வைத்திருந்தால், பக்கத்தில் மை ஒற்றுகிற தாள் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்.

அன்புடன்,
அப்பா

பி.கு.: காபித்தூள் பார்சலை வியாழக்கிழமை அனுப்பினோம். கோப்பையைக் காட்சிக்கூடத்தில் மறந்து வைத்துவிட்டு வராதே என்று அம்மா சொல்லச் சொன்னாள்.